மொய் எழுதிய வாசகர்கள்: தமிழ் வலைப்பூக்கள் வாசகரைத் திரட்டிய முறைகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

எழுதுவோர் தம் எழுத்தைப் படிப்பவரிடம் கொண்டு சேர்க்க மேற்கொள்ளும் முயற்சிகளை இலக்கியத் திறனாய்வு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அவை வணிகத்தையும் விளம்பரத்தையும் சார்ந்தவை என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். ஒரு படைப்பின் பாடுபொருளையும் உத்தியையும் மொழிநடையையும் வகுத்தும் பகுத்தும் ஆராயும் நாம், அப்படைப்பு எந்த வழியாகப் படிப்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதில்லை. ஆனால் வழி, எழுத்துக்கு வெளியே நின்றுவிடும் ஒன்றன்று. எந்த வழியில் வாசகர் வருகிறாரோ அந்த வழிக்கேற்ப எழுத்து தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதற்குத் தக்க சான்றாகத் தமிழ் வலைப்பூக்களின் 2004 முதல் 2013 வரையிலான காலப்பகுதி இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்னும் திரட்டியைத் தொடங்கினார். 2013 சூலை முதல் நாளன்று கூகுள் ரீடர் சேவை நிறுத்தப்பட்டது. அதற்குள் பதிவர்களில் பலர் முகநூலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். இடைப்பட்ட அவ்வாண்டுகளின் பிற்பகுதியில், முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தமிழ்ப் பேச்சே காதில் விழாத ஊரொன்றில் நான் தங்கியிருந்தேன். நூலகம் மூடியபின் அறைக்கு வந்து திரட்டியின் முகப்பைத் திறப்பது அன்றாட வழக்கமாக இருந்தது. ஆகவே கீழே நான் கூறும் குறைகளில் ஒரு பயனாளியின் நன்றியும் கலந்திருக்கக்கூடும். படிப்பவர் அதற்குரிய அளவைக் கழித்துக்கொள்ளலாம்.

அச்சுக் கால முன்மாதிரிகள்

வாசகரைத் திரட்டும் உத்தி இணையத்தோடு பிறந்ததன்று. 1928இல் எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனை வாங்கி நடத்தத் தொடங்கியபின், 1930களில் குறுக்கெழுத்துப் போட்டி அவ்விதழின் விற்பனைக்குப் பெருந்துணையாக இருந்தது. பரிசுத் தொகைக்காக இதழை வாங்கியவர் பலர். வாங்கியவர் கையில் கல்கியின் எழுத்தும் இருந்தது என்பதுதான் இங்கு முக்கியம். போட்டி வாசகரை வாயில் வரை அழைத்து வந்தது. உள்ளே இருத்தி வைத்தது எழுத்து. போட்டிக்கும் எழுத்துக்கும் இடையே ஒரு சுவர் இருந்தது. கதை எழுதியவர் கட்டங்களை மனத்தில் வைத்து எழுத வேண்டியிருக்கவில்லை.

மலாயாவில் நிகழ்ந்தது வேறு வகை. தமிழ் நேசன் 1950–51இல் நடத்திய கதை வகுப்பை நம் ஆசிரியர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நாளிதழ் வழியாகவே பாடமும் பயிற்சியும் தந்து, வாசகர் எழுதி அனுப்பியவற்றை மதிப்பிட்டனர். தமிழ் முரசின் மாணவர் மணிமன்றமும் 1950களில் இளையோரை எழுத வைத்தது. இவ்விரண்டிலும் வாசகரை ஈர்த்தது பரிசன்று. தாமும் எழுதலாம் என்னும் எண்ணம். எழுதத் தொடங்கியவர் தம் எழுத்து வந்திருக்கிறதா என்று பார்க்க இதழை வாங்கினார். வாங்கியவர் பிறர் எழுதியதையும் படித்தார். இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதையின் முதல் பெரும் வரிசை இவ்வாறு உருவானது.

வலைப்பூக்களின் காலத்தைப் புரிந்துகொள்ள, விகடனின் கட்டங்களைவிட இந்தக் கதை வகுப்பே நெருங்கிய ஒப்புமை தருகிறது. இரண்டிலும் வாசகரும் எழுதுபவரும் ஒருவரே. வேறுபாடு ஒன்றுதான், ஆனால் அது பெரியது. வகுப்பில் திருத்துபவர் ஒருவர் இருந்தார்.

திரட்டியின் முகப்பு

திரட்டி இயங்கிய முறையை இன்றைய மாணவர்களுக்குச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. பல்வேறு வலைப்பூக்களில் புதிதாக வெளியான இடுகைகளை ஒரே பக்கத்தில் கால வரிசையில் காட்டுவது திரட்டி. முகப்பில் தெரிவன தலைப்பு, எழுதியவர் பெயர், தொடக்க வரிகள் சில. புதிய இடுகைகள் வர வர முன்னவை கீழே தள்ளப்படும். பதிவர் பெருகிய ஆண்டுகளில் ஓர் இடுகை சில மணி நேரத்திற்கு மேல் முகப்பில் தங்குவது அரிதாயிற்று. மீண்டும் கண்ணில் பட வேண்டுமானால் அதற்கு மறுமொழி வர வேண்டும். மறுமொழி பெற்ற இடுகைகளுக்குத் தனி வரிசை உண்டு. மிகுதியாகப் படிக்கப்பட்டவை ‘சூடான இடுகைகள்’ என்னும் பகுதியில் இடம்பெறும். பின்னர் வாக்களிக்கும் பட்டை வந்தது. தமிழிஷ் என்று தொடங்கி இன்ட்லி என்று பெயர் மாறிய திரட்டி முழுக்க முழுக்க வாக்கையே நம்பி இயங்கியது.

இவ்வமைப்பு எழுத்தில் உண்டாக்கிய முதல் மாற்றம் தலைப்பில் தெரிந்தது. கேள்வியாக முடியும் தலைப்பு, நடிகை பெயர் தாங்கிய தலைப்பு, சக பதிவர் ஒருவரை விளித்துச் சண்டைக்கு அழைக்கும் தலைப்பு ஆகியன பெருகின. உள்ளே விடை இராது; நடிகையும் இரார். இவற்றைப் பழிப்பது எளிது. என்னை அதைவிட மிகுதியாகக் கவர்ந்தது தொடக்க வரிகளில் நிகழ்ந்த மாற்றம். தமிழ்ச் சிறுகதையில் பொழுதையும் இடத்தையும் விவரித்து மெல்ல உள்ளே அழைத்துச் செல்லும் தொடக்கத்திற்கு நீண்ட மரபுண்டு. முகப்பில் அத்தொடக்கம் மட்டும் தனியே நின்றபோது அது எதையும் சொல்லாத வரியாகத் தோன்றியது. எனவே பதிவர்கள் உரையாடலில் தொடங்கினர். நிகழ்ச்சியின் நடுவில் தொடங்கினர். தம்மைத் தாமே கேலி செய்துகொண்டு தொடங்கினர்.

இதை வீழ்ச்சி என்று மட்டும் கூறுவது நேர்மையாகாது. அவ்வாண்டுகளில் பொறியாளரும் இல்லத்தரசியரும் வளைகுடா நாட்டுத் தொழிலாளரும், பள்ளியை விட்டபின் தமிழில் ஒரு பக்கமும் எழுதியிராதவர்களும் எழுத வந்தனர். அவர்கள் கையில் பேச்சுத் தமிழ் உரைநடை ஒரு வேகத்தையும் நெகிழ்ச்சியையும் பெற்றது. சமையற்குறிப்பிலும் பயணக் குறிப்பிலும் தொழில்நுட்ப விளக்கத்திலும் அந்நடை இன்றும் வாழ்கிறது. மேடைத் தமிழில் பழகிய நம் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போதெல்லாம் அந்நடையின் ஒரு சிட்டிகை இவர்களுக்கு வாய்த்திருக்கலாகாதா என்று நான் எண்ணுவதுண்டு.

மொய்க் கணக்கு

‘வலைப்பூவைப் பிரபலமாக்குவது எப்படி’ என்னும் அறிவுரை இடுகைகள் அக்காலத்தில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் அறிவுரை ஒன்றுண்டு: பிறர் பதிவுகளுக்குச் சென்று மறுமொழி இடுக, அவர்கள் உம்முடைய பதிவுக்கு வருவார்கள். இது பலித்தது. பலித்ததுதான் சிக்கலும் ஆயிற்று.

திருமண வீட்டில் மொய் எழுதுவதை நாம் அறிவோம். நோட்டில் பெயரும் தொகையும் பதிவாகும். எழுதியவர் வீட்டில் விசேடம் வரும்போது அந்நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். தொகை குறைந்தால் வருத்தம், செய்யாவிட்டால் பகை. பிரெஞ்சு மானிடவியலார் மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கடமைகளே என்று காட்டினார். நம்மவர்க்கு அதை விளக்க ஒரு மொய் நோட்டு போதும். மறுமொழி இத்தகைய மொய்யாக மாறியது. பதிவர்களே தமக்குள் அச்சொல்லை வேடிக்கையாகப் பயன்படுத்தினர்.

மொய்க்கு இலக்கணம் சுருக்கம். ‘அருமை’, ‘ரிப்பீட்டேய்’, ‘மீ த பர்ஸ்ட்டு’ போன்ற ஒற்றைச் சொல் மறுமொழிகள் இடுகையைப் படிக்காமலே இடத்தக்கவை. கடைசியாகக் குறிப்பிட்டது படிக்கவில்லை என்பதற்கே சான்று; முதலாவதாக வருபவர்க்குப் படிக்க நேரமேது? மறுமொழி எண்ணிக்கை கூடினால் முகப்பில் இடம் கிடைக்கும் என்பதால், வந்த ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே நன்றி கூறி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் பழக்கமும் தோன்றியது. இதற்குப் ‘பின்னூட்டக் கயமை’ என்று பதிவுலகமே பெயரிட்டுச் சிரித்தது. ஓர் இடுகைக்கு வரும் மறுமொழிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் மறுமொழி வரிசையில் அதைக் காட்டாமல் விடும் ஏற்பாட்டைத் தமிழ்மணம் செய்ய நேர்ந்தது. உள்ளடக்கமற்ற இடுகைக்கு ‘மொக்கை’ என்றும், அதன்கீழ் நண்பர்கள் கூடி அரட்டையடிப்பதற்குக் ‘கும்மி’ என்றும் பெயர் நிலைத்தது. ஒரு வட்டாரம் தன் குறைகளுக்கு இத்தனை துல்லியமாகப் பெயர் வைத்துக்கொண்டது அதன் அறிவுக்கூர்மையைக் காட்டுகிறது. நம் துறைகள் அந்த அளவுக்குத் தம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

இம்முறையின் விளைவை இரண்டாகக் காணலாம். முதலாவது, வாசகர் தொகை ஓர் எல்லைக்கு மேல் வளரவில்லை. மொய் வட்டத்தில் சேர வேண்டுமானால் தமக்கென ஒரு வலைப்பூ இருக்க வேண்டும். எழுதாமல் படிக்க மட்டும் விரும்பிய வாசகர், நாளிதழின் வாசகரைப் போன்ற ஒருவர், அங்கே கணக்கில் வரவில்லை. அவர் இருந்தார், ஆனால் மறுமொழி இடவில்லை, வாக்களிக்கவில்லை. ஆகவே எழுதுபவரின் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தவர்க்காகவே எழுத்து எழுதப்பட்டது. அன்றைய இடுகைகளை இன்று எடுத்துப் படித்தால், வட்டத்திற்குள் மட்டும் விளங்கும் பட்டப்பெயர்களும் குறிப்புகளும் நிறைந்து, ஊரார் வீட்டுத் திருமண ஒளிப்படத் தொகுப்பைப் புரட்டும் உணர்வு ஏற்படுகிறது.

இரண்டாவது, கண்டிப்பு மறைந்தது. மொய் வைத்தவர் விருந்தில் உப்பில்லை என்று சொல்வதில்லை. கதை வகுப்பில் தரம் குறைந்தது என்று எழுதித் திருப்பியனுப்ப ஒருவர் இருந்தார். இங்கோ குறை கூறியவர் எதிரணியைச் சேர்ந்தவர் என்றே கொள்ளப்பட்டார். பாராட்டு, பகை ஆகிய இரண்டிற்கும் நடுவில் இருக்க வேண்டிய திறனாய்வுக்கு இடமில்லாமல் போயிற்று.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. 2007 முதல் சில ஆண்டுகள் சிறப்பாக நடைபெற்ற வலைச்சரம் அவற்றுள் ஒன்று. வாரம் ஒரு பதிவர் ஆசிரியராக இருந்து, தாம் படித்த பிறர் இடுகைகளைக் காரணம் காட்டி அறிமுகப்படுத்த வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. விளம்பர உத்திகளில் படித்தலைக் கட்டாயமாக்கியது இது ஒன்றே எனலாம். எவரும் தம்மைத் தாமே முன்னிறுத்தாமல் இன்னொருவரை முன்னிறுத்தினர். எதற்காக என்றும் எழுத வேண்டியிருந்தது. அவ்வறிமுகங்கள் வழியாகவே நான் அறிந்துகொண்ட எழுத்தாளர்கள் உண்டு. நாளடைவில் இதுவும் பெயர்ப் பட்டியலாகச் சுருங்கிய வாரங்கள் மிகுந்தன. விடுபட்டவர் வருந்துவார் என்னும் அச்சத்தில் பட்டியல் நீண்டது. ‘தொடர் பதிவு’ என்று ஒருவர் ஐவரை அழைக்க, அவ்வைவரும் ஆளுக்கு ஐவரை அழைக்கும் விளையாட்டைப் பற்றி இங்கு விரிக்க வேண்டியதில்லை.

தேடி வருபவர்

திரட்டியின் காலம் முடிந்தது. முகநூலில் விருப்பக்குறி அதே மொய்யை இன்னும் சுருக்கிக் கொடுத்தது. ஆனால் இத்தனைக்கும் அப்பால் மற்றொரு வாசகர் தொடக்கம் முதலே இருந்துவந்தார். அவர் யாருடைய நண்பரும் அல்லர். ஏதோ ஒன்றைத் தேடுகிறார். தேடுபொறி அவரைக் கொண்டுவருகிறது.

இவ்வாசகர் தமிழுக்குத் தாமதமாகவே வாய்த்தார். 1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் உழைப்பால் தமிழ் இணையத்தில் ஏறியது. நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் பலர் வீட்டுக் கணினிகளில் தமிழை எழுத வைத்தது. ஆயினும் திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் அமைந்த பக்கங்கள் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்குப் பொருளற்ற குறிகளின் குவியலாகவே இருந்தன. ஒருங்குறி பரவிய பின்னரே தமிழ்ச் சொல்லைத் தமிழிலேயே தேடிக் கண்டெடுக்க முடிந்தது. வலைப்பூக்களின் எழுச்சி ஒருங்குறியின் பரவலோடு ஒட்டி நிகழ்ந்தது தற்செயல் அன்று.

தேடுபவர் கண்ணில் எழுத்து பட வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பது தமிழாசிரியர்க்கு உரிய கேள்வி. ஏனெனில் இது இலக்கணத்தைத் தொடுகிறது. தமிழ்ச் சொல் வேற்றுமை ஏற்றும் சந்தி பெற்றும் உருமாறுவது. ‘தோட்டம்’ என்று தேடுபவர்க்குத் ‘தோட்டத்தில்’, ‘தோட்டப்புற’, ‘தோட்டத்து’ என்பன வேறு எழுத்துத் தொடர்கள். எழுத்தைத் தொடர்ச்சியாக ஒப்பிட்டுப் பார்த்த பொறிகளுக்கு இவற்றின் உறவு தெரியாது. இதற்கு மேல் எழுத்துக்கூட்டல் வேறுபாடு. ‘ரப்பர்’ என்று எழுதுவோர் ஒருபுறம். மொழி முதல் வாரா எழுத்து என்று ‘இரப்பர்’ எனத் திருத்தி எழுதும் நாம் மறுபுறம். ‘றப்பர்’ என்று எழுதும் இலங்கையர் இன்னொருபுறம். ஒரே மரத்தில் பால் மரம் சீவிய மூன்று வரலாறுகள் மூன்று தனி அறைகளில் கிடக்கின்றன. நான் மரபிலக்கணத்தைக் கைவிடச் சொல்லவில்லை. கட்டுரையின் முதற்பத்தியில் ஓரிடத்திலேனும் வேர்ச்சொல்லை உருபின்றியும், வழக்கிலுள்ள மாற்று வடிவத்தோடும் எழுதினால் எந்த இலக்கணமும் கெடாது என்றுதான் சொல்கிறேன். ‘ஒரு மாலைப்பொழுதின் ஈரம்’ என்பது போன்ற தலைப்பைச் சூட்டிவிட்டு, கேரித்தீவுத் தோட்ட வாழ்க்கையைப் பற்றி எழுதியது யாருக்கும் கிடைக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

தேடி வருபவரை நம்பி எழுதியவர்களுள் நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் முன்னணியில் நின்றனர் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கான பயிற்சித் தாள்களையும் வாக்கியம் அமைத்தல் பயிற்சிகளையும் வலைப்பூக்களில் இட்டனர். திரட்டி, வாக்கு, மறுமொழி எதுவுமின்றிப் பெற்றோரும் சக ஆசிரியரும் தேடி வந்தனர். 2021இல் அத்தேர்வு ஒழிக்கப்பட்டது. தேடுபவரின் தேவையும் அதோடு போயிற்று. தேர்வுக்காக வந்தவரை அப்பக்கத்தில் இருந்த கதையோ கட்டுரையோ பிடித்து நிறுத்தியிருக்குமா? பெரும்பாலானவற்றில் அப்படி ஏதும் இருக்கவில்லை. கட்டங்கள் இருந்தன, கல்கி இல்லை.

இதற்கு மாறாக, 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை நோக்குக. வாக்குப் பட்டையோ கவர்ச்சித் தலைப்போ அதற்கில்லை. முகப்பின் தோற்றமும் எளிமையானதே. ஆயினும் பழந்தமிழ் நூலொன்றின் பாடத்தைத் தேடுபவர் அங்கு போய்ச் சேராமல் இருப்பது கடினம். பிறர் தம் எழுத்தில் அதைச் சுட்டிக் காட்டிக்கொண்டே இருப்பதுதான் காரணம். சுட்டுதல் என்பது படித்தவர் செய்வது. எதைப் படித்தேன், எங்கே படித்தேன் என்று அடுத்தவர்க்கு வழி சொல்வது. தமிழ்ப் பதிவர்கள் ஒருவர்க்கொருவர் தாராளமாக மொய் வைத்தனர். சுட்டுவதிலோ சிக்கனம் காட்டினர். மூலத்தைக் குறிப்பிடாமல் வெட்டி ஒட்டுவதும் மலிந்தது.

பல்கலைக்கழகத்தின் மொய்

இவ்வளவும் கூறியபின் நம் பக்கம் திரும்பாமல் இருக்க இயலவில்லை. பதவி உயர்வுக் குழு இன்று நம்மிடம் கேட்பது மேற்கோள் எண்ணிக்கை. நீர் என் கட்டுரையைச் சுட்டுக, நான் உம்முடையதைச் சுட்டுவேன் என்னும் உடன்பாடு எந்த மாநாட்டுத் தேநீர் இடைவேளையிலும் காதில் விழக்கூடியதே. ‘மீ த பர்ஸ்ட்டு’ என்று எழுதிய பதிவர் குறைந்தது வெளிப்படையாக எழுதினார்.

நாம் எழுதுவதும் தேடுபவர் கண்ணில் படுவதில்லை. நம் ஆய்வுக் கோவைகள் பல அச்சோடு நின்றுவிடுகின்றன. இணையத்தில் ஏற்றப்பட்டவற்றிலும் பல, பக்கங்களை வருடி எடுத்த படங்கள். உள்ளிருக்கும் எழுத்தை எந்தப் பொறியும் எளிதில் படிக்காது. சில, பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை; திறந்தால் புள்ளியும் கோடுமாகத் தெரிகின்றன. ம. நவீன் ஆசிரியராக உள்ள வல்லினம் இதழ் இணையத்திலேயே தொடர்ந்து வெளிவருவதால், மலேசியத் தமிழ் இலக்கியம் பற்றி அயலகத்தார் அறிவது பெரிதும் அதன் வழியாகவே என்று சொல்லத் தோன்றுகிறது. அவ்விதழின் மதிப்பீடுகளோடு உடன்படாத கல்வியாளர் நம்மிடையே உண்டு. அவர்களின் மறுப்பு எங்கே என்று வெளியூர் ஆய்வாளர் கேட்டால், நூலக அடுக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

சென்ற பருவத்தில் இளங்கலை மாணவியர் இருவரிடம் தோட்டப்புறச் சிறுகதைகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி வருமாறு கூறினேன். ஒருவர் ‘ரப்பர்’ என்றும் மற்றவர் ‘இரப்பர்’ என்றும் இட்டுத் தேடியிருக்கின்றனர். இருவர் பட்டியலிலும் பொதுவாக இருந்தவை மிகச் சில. இரண்டிலும் இல்லாத கட்டுரை ஒன்றை, அவர்களுள் ஒருவர் துறை நூலகத்தின் கீழ்த்தட்டிலிருந்த மாநாட்டு மலரில் தற்செயலாகக் கண்டு, தேவையான பகுதியைக் கையால் எழுதிக்கொண்டு வந்தார். பயனுள்ள கட்டுரை, ஐயா, இது ஏன் எங்கும் கிடைக்கவில்லை என்று கேட்டார். அவர் நீட்டிய தாளில் ஆசிரியர் பெயர் எழுதப்படவில்லை. அக்கட்டுரை நான் எழுதியது.